தயிர்ச் சட்டியும் இடியப்ப இழையும்

ஏப்ரல் 16, 2025, புதன்

புத்தாண்டுப் பலகாரங்கள் தீர்ந்த கையோடு இன்று தொடங்கிவிட்டேன். மூன்று வாரங்களுக்குப் பால், கோதுமை, வெங்காயம் மூன்றும் இல்லை. சாப்பிட்ட பின் வரும் ஊதலுக்குக் காரணம் என்னவென்று இத்தனை மாதம் கேட்டுத் திரிந்ததில், ஆளுக்கொரு பண்டத்தைக் குற்றம் சொன்னதுதான் மிச்சம். கோதுமையை விடுவதற்கு முன்பே, கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையை வைத்தியர் செய்வித்தார். விட்ட பின் செய்தால், நோய் இருந்தாலும் இல்லையென்று முடிவு வரக்கூடுமாம். அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகே இந்தக் குறிப்பேடு.

மே 8, வியாழன்

மூன்று வாரமும் வயிறு அமைதி. இனி ஒரு பண்டத்தை மட்டும் சேர்த்து மூன்று நாள் பார்க்க வேண்டும். காலையில் பால்மாத் தேநீர் இரண்டு கோப்பை குடித்தேன். பத்து மணிக்குள் வயிறு மத்தளமாகிவிட்டது. தேயிலைதான் காரணம் என்கிறார் அம்மா. இத்தனை நாளும் குடித்த வெறுந்தேநீர் ஒன்றும் செய்யவில்லையே!

மே 12, திங்கள், வெசாக்

வயிறு தெளிந்ததும் இன்று கிண்ணியா எருமைத் தயிர். உறையும்போது பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக்கிவிடுவதால், பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். சட்டியின் ஆடையை ஒதுக்கி ஒரு கோப்பை எடுத்தேன். இரவுவரை சுகம்.

மே 14, புதன்

நேற்றிரவு மீண்டும் ஊதல். தயிரின் மேல் பழியைப் போட்டு எழுதத் தொடங்கியபோதுதான், நகரத்திலிருந்து உப்புவெளிக்குத் திரும்பும் வழியில் வாங்கிய இடியப்பம் நினைவுக்கு வந்தது. மிஞ்சியிருந்த ஒன்றிலிருந்து ஓர் இழையை இழுத்துப் பார்த்தேன். வீட்டுச் சிவப்பரிசி மா இடியப்பம் இழுத்தவுடன் முறியும். இது கோதுமை மா கலந்ததுபோல, இறப்பராய் நீண்டு, பிறகே அறுந்தது. அரிசி மாதான் என்று கடைக்காரர் சொன்னதைப் பொய்யென்று சொல்ல மாட்டேன், மாக் குழைத்தவர் வேறு யாராகவும் இருக்கலாம். ஆனால் என் மூன்று நாள் கணக்கு கெட்டுப்போனது. வயிறு அடங்கியதும் தயிரை முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

மே 19, திங்கள்

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தயிர். ஒரு தொந்தரவும் இல்லை. நாளை பாண், ஒரு துண்டு மட்டும். கோதுமையில் உள்ள, சிலருக்கு ஊதலை உண்டாக்கும் ஃபிரக்டான் என்ற மாச்சத்து வெங்காயத்திலும் இருப்பதால், தொட்டுக்கொள்ளும் சம்பலில் வெங்காயம் சேர்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். உரலை ஒருமுறை பார்த்துவிட்டு, "அதுக்குப் பேர் சம்பலா?" என்று கேட்டார்.