பெரியப்பாவின் வயிற்றில் டிபி

டிபி என்றால் எங்கள் ஆட்களுக்கு இருமலும் சளியில் ரத்தமும்தான். பெரியப்பாவுக்கு இருமலே கிடையாது. காலையில் சாப்பிட்ட மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ்) ராத்திரி வாந்தியில் அப்படியே வரும், நூடுல்ஸ்கூடக் கரைந்திருக்காது. ஆளும் பாதியாக இளைத்துவிட்டார்.

யாங்கோனில் எண்டோஸ்கோப்பி பார்த்தோம். இரைப்பை குடலுக்குள் திறக்கிற இடம் புண்ணாகிச் சுருங்கியிருந்தது. ரிப்போர்ட் வருவதற்குள் கேன்சர் என்று சொந்தபந்தம் முடிவு கட்டியாயிற்று. அத்தை பீலிக்கான் அங்காள பரமேஸ்வரிக்கு வேண்டிக்கொண்டாள். மாமா ஆபரேஷனுக்குப் பணம் புரட்டக் கிளம்பிவிட்டார். அவசரப்படாத ஒரே ஆள் சயாமாதான், எங்கள் டாக்டரம்மா. கிள்ளி எடுத்த சதையின் முடிவு வரட்டும் என்றார். வந்தது. கேன்சர் செல் இல்லை. கிரானுலோமாக்கள், அதாவது எதிர்ப்புச் செல்கள் திரண்ட குட்டி முடிச்சுகள், நடுவில் செத்துப்போன திசு. டிபியாக இருக்கலாம் என்று கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனைக்கும் அனுப்பி உறுதி செய்தார். இந்த மாதிரிச் சதையில் கிருமி கொஞ்சம்தான் இருக்குமாம், சாயம் ஏற்றிப் பார்த்தால் பல நேரம் கண்ணில் படாதாம்.

"வயித்துல எப்படிங்க டிபி?" என்று அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். அரிதுதான். அமிலம் இருக்கிறது, நிணநீர்த் திசு குறைவு, சாப்பாடும் அங்கே ரொம்ப நேரம் தங்காது. கிருமிக்குத் தோதான இடமில்லை. ஆனாலும் விழுங்கிய சளியிலோ ரத்தத்திலோ பக்கத்து நிணநீர்க் கணுக்களிலிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும்.

மருந்து நுரையீரல் டிபிக்குக் கொடுப்பதேதான். முதல் 2 மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு, எத்தாம்புட்டால். அப்புறம் 4 மாதம் முதல் இரண்டு மட்டும். அரசு டிபி திட்டத்தில் மாத்திரைக்குக் காசில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் பெரியப்பா பயந்துபோனார். ரிஃபாம்பிசின் செய்கிற வேலை அது, பயப்பட ஒன்றுமில்லை. எத்தாம்புட்டால்தான் கவனிக்க வேண்டியது, சிலருக்குக் கண் நரம்பைத் தொடும், சிவப்பும் பச்சையும் குழம்பும். பெரியப்பா தையல்காரர். தினமும் கடை திறந்ததும் சிவப்பு நூல்கண்டையும் பச்சை நூல்கண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அப்புறம் மறு கண்ணை மூடிப் பார்ப்பார். அதன் பிறகுதான் மெஷினில் உட்காருவார்.

புண் ஆறினாலும் தழும்பு இறுகி அடைப்பு கொஞ்சம் மிஞ்சியது. எண்டோஸ்கோப்பி வழியாகவே பலூன் விட்டு விரித்தார்கள். கத்தி வைக்கவில்லை.

வீட்டில் எல்லோரும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார் சயாமா. எடுத்துவிட்டோம். எங்களோடேயே இருக்கிற மாமா மட்டும் "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று இன்னும் தட்டிக்கழிக்கிறார்.