முன்வரிசை குடித்துவிட்ட காற்று

ஜூன் 12

ஆரல்வாய்மொழி. கணவாய் வழியாக மேற்கிலிருந்து பருவக்காற்று பாய்கிறது. முப்பந்தல் ரோட்டோரம் நின்றால் பேச்சு பக்கத்து ஆளுக்கே கேட்பதில்லை. முன்வரிசைக் காற்றாலை விறுவிறு என்று சுற்ற, நேர் பின்னால் நிற்பது ஏனோதானோ என்று திரும்பிக்கொண்டிருந்தது. "முன்னால நிக்கவன் குடிச்சிட்டா பின்னால உள்ளவனுக்கு என்ன சார் மிஞ்சும்?" என்றார் ஆபரேட்டர் அண்ணாச்சி. முன்னது பின்னால் விட்டுப்போகும் இந்த வேகம் குறைந்த, கலங்கிய காற்றைத்தான் நாங்கள் 'வேக்' என்கிறோம்.

ஜூன் 14

வேக்கில் எவ்வளவு காற்று குறைகிறது என்று கணக்கிட, முதலில் ஜென்சன் மாடல். டென்மார்க்கின் ரீசோ ஆய்வுக்கூடத்தில் 1983-இல் வந்தது. இன்றும் எல்லாரும் இதில்தான் தொடங்குகிறோம். காற்றாலைக்குப் பின்னால் வேக் கூம்பாக விரிகிறது என்று வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். உந்துவிசைக் கெழு (சுழலி காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பது) 0.8, விரிவு எண் (கூம்பு எவ்வளவு சீக்கிரம் விரிகிறது என்பது) 0.075, இடைவெளி சுழலி விட்டத்தைப்போல் 7 மடங்கு என்று போட்டால் காற்று வேகம் 13 சதவீதம் குறைகிறது. 13 தானே என்று விட முடியாது. மின்சாரம் வேகத்தின் மும்மடியில் போவதால் மூன்றில் ஒரு பங்கு போச்சு. 5 மடங்கு இடைவெளியில் ஏறக்குறைய பாதி. பழைய 250 கிலோவாட் மெஷின்களுக்கு நடுவே பெரிய மெஷின் நிறுத்திய இடங்களில், இடைவெளியை எந்த மெஷினின் விட்டத்தால் அளப்பது?

ஜூன் 17

காற்றாலைகளின் உற்பத்திப் பதிவுகளைப் பார்த்தேன். மதியத்தில் பின்வரிசை இழப்பு மாடல் சொன்னதைவிடக் குறைவு. காற்று சற்று அடங்கிய இரவுகளில் அதிகம். வெயிலில் தரை சூடேறினால் காற்று மேலும் கீழும் கலங்கும். மேலேயிருந்து புதுக்காற்று இறங்கி வேக்கை நிரப்பிவிடும். இரவில் தரை குளிர்ந்தால் கலக்கம் அடங்கி, வேக் கலையாமல் நீளும். இந்தக் கலக்கத்தை, அதாவது கொந்தளிப்பை, திட்டியே பழகிவிட்டோம். பேரிங்கையும் கியர்பாக்ஸையும் அது தின்னும், உண்மைதான். ஆனால் பின்வரிசைக்குச் சோறு போடுவதும் அதுதான்.

ஜூன் 18

மலைச்சரிவைச் சேர்த்ததும் கணக்கு பெருத்துவிட்டது. காற்றின் பெரிய சுழல்களை நேரடியாகக் கணக்கிடும் பெருஞ்சுழல் சிமுலேஷன் கணினியில் ஓடுகிறது, ஓடட்டும்.

ஜூன் 21

முன்வரிசை மெஷினைக் காற்றுக்கு நேராக வைக்காமல் 20 டிகிரி திருப்பினால் வேக் பக்கவாட்டில் ஒதுங்குகிறது. முன்னது கொஞ்சம் இழக்க, பின்னது அதைவிட அதிகம் பெறுகிறது. காற்று பலமாக அடிக்கும்போது இது வேண்டாம், இரண்டுமே முழுத்திறனில் ஓடும். மிதமான காற்றில்தான் லாபம். அண்ணாச்சியிடம் படத்தைக் காட்டினேன். "முன்னது ஒரு மில்லுக்காரருது, பின்னது வேற ஆளுக்குள்ளது சார். தன் யூனிட்டை விட்டுக்கொடுப்பாரா?" என்றார். அடுத்த வாரம் இரண்டு தரப்பையும் உட்காரவைத்து, கூடுதல் யூனிட்டை எப்படிப் பங்கு பிரிப்பது என்று பேச வேண்டும். சிமுலேஷனைவிட அது லேசாக இருக்கும் என்று தோன்றவில்லை.