யானிஸிடம் எல்லாத் திறமையும் இருக்கிறதா?

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவில் ஆடும் கிரேக்க வீரர் யானிஸ் அன்டெடொகும்போ பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு வாதம் வந்துவிடும். உயரம் 2.11 மீட்டர், கைகளை விரித்தால் சுமார் 2.21 மீட்டர், அதற்கு மேல் அந்த ஓட்டம். இந்த உடம்பு இருந்தால் யார்தான் டங்க் (பந்தைக் கூடைக்குள் கையாலேயே அறைவது) அடிக்க மாட்டார்கள், த்ரீ பாயிண்டர் (தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று பாயிண்ட் ஷாட்) போடத் தெரியாதவரை முழு ஆட்டக்காரர் என்று எப்படிச் சொல்வது என்பார்கள். இந்த வாதத்தில் பாதி தவறு. மீதிப் பாதி குறையைத் தப்பான இடத்தில் தேடுகிறது. அவருடைய உண்மையான பிரச்சினை த்ரீ பாயிண்டரில் இல்லை, ஃபவுலுக்குப் பதிலாக யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் இருக்கிறது.

முதலில் உடம்பு என்று கணக்கு எழுதப்படும் திறமைகளைப் பார்ப்போம். என்பிஏ விதிப்படி, ஓடிக்கொண்டே பந்தைக் கையில் சேர்த்துக்கொண்ட பிறகு இரண்டு அடி வைக்கலாம். யானிஸ் பந்தைச் சேர்க்கும் இடத்தைக் கவனியுங்கள். ஃப்ரீ த்ரோ கோட்டுக்குச் சற்று வெளியே, தடுக்க நிற்கும் டிஃபென்டரின் எடை ஒரு காலில் விழுகிற நேரத்தில் சேர்ப்பார். முதல் அடி ஒரு பக்கம், இரண்டாவது அடி எதிர்ப்பக்கம். யூரோஸ்டெப் என்பது இதுதான். ஒரு அடி முன்னால் சேர்த்தால் கூடைக்கு எட்டாது. ஒரு அடி பிந்தினால் நிற்கிற ஆளின் நெஞ்சில் தோள் மோதி அஃபென்சிவ் ஃபவுல், அதாவது தாக்குபவர் மேலேயே ஃபவுல். உடம்பைச் சுழற்றித் தாண்டும் ஸ்பின் மூவிலும் இதே கதைதான். சுழலும்போது பந்து இடுப்பு உயரத்துக்கு இறங்கினால், சுழலும் பக்கத்தில் உதவிக்கு வந்து காத்திருக்கும் ஹெல்ப் டிஃபென்டர் தட்டிவிடுவார். யானிஸ் பந்து பறிகொடுக்கும் ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் இந்தக் காட்சி திரும்பத் திரும்ப வரும்.

பாஸ் விஷயத்தில் நியாயமாகக் கிடைக்க வேண்டிய பெயர் இன்னும் அவருக்குக் கிடைக்கவில்லை. 2023-24, 2024-25 இரண்டு சீசனிலும் ஆட்டத்துக்கு 6.5 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்). 2016-ல் பயிற்சியாளர் ஜேசன் கிட் அவரிடம் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு வேலையையே கொடுத்துப் பார்த்தார். அதன் பலன் இது. கூடைக்கு முன்னால் வண்ணமிட்ட பெயின்டுக்குள் மூன்று பேர் சூழும்போது, எதிர்ப்பக்க கார்னரில் நிற்பவருக்கு ஒற்றைக் கையால் பந்தை வீசுவது உயரத்தால் மட்டும் வருவதில்லை. டிஃபென்ஸைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: 2020-ல் எம்விபி (மிகச்சிறந்த ஆட்டக்காரர்), சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் இரண்டு விருதையும் ஒரே சீசனில் வாங்கியவர்.

சரி, இவரை எப்படி நிறுத்தினார்கள்? 2019 என்பிஏ கிழக்குப் பிரிவு இறுதியில் அவருடைய மில்வாக்கி பக்ஸ் அணி 2-0 என்று முன்னிலையில் இருந்தது. அதன்பின் டொரான்டோ தொடர்ந்து நான்கு ஆட்டம் ஜெயித்தது. மூன்றாவது ஆட்டத்திலிருந்து டொரான்டோவின் கவாய் லெனர்டு யானிஸைக் காக்க நிறுத்தப்பட்டார். பின்னால் மார்க் கசோல், பக்கவாட்டில் இன்னொருவர். இதைத்தான் "சுவர்" என்கிறார்கள். முதல் ஆள் த்ரீ பாயிண்ட் கோட்டுக்குப் போகாமல் உள்ளேயே நிற்பார்: சுடு, கவலையில்லை என்று அர்த்தம். இரண்டாவது ஆள் ஸ்பின் வரும் பக்கத்தை மறிப்பார். மூன்றாவது ஆள் கூடையடியில் 1.22 மீட்டர் ஆரத்தில் வரைந்திருக்கும் வளைவுக்கு வெளியே கால் ஊன்றி நிற்க வேண்டும். கால் கோட்டில் பட்டாலே சார்ஜ் (மோதியவர் மேல் ஃபவுல்) கிடைக்காது, ஃபவுல் அவர் மேல்தான். உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவின் ஆட்டங்களில் இந்தச் சுவர் இன்னும் வலு. என்பிஏவில் யாரையும் காக்காமல் பெயின்டுக்குள் மூன்று விநாடிக்கு மேல் டிஃபென்டர் நிற்கக் கூடாது. ஃபீபாவில் அந்தத் தடையே கிடையாது. த்ரீ பாயிண்ட் கோடும் 7.24 மீட்டருக்குப் பதில் 6.75 மீட்டர், அதாவது எல்லோரும் கூடைக்கு இன்னும் நெருக்கத்தில் நிற்பார்கள். கிரீஸ் ஜெர்சியில் அவருக்கு இடம் குறைவாகத் தெரிவது இதனால்தான்.

த்ரீ பாயிண்டர் இருந்தால் சுவர் உடையும் என்பது வழக்கமாகச் சொல்லும் தீர்வு. 2019-20-ல் ஆட்டத்துக்கு 4.7 முயற்சி செய்தார், 30.4 சதவீதம். சுவர் அசையவில்லை, அந்த சீசனின் பிளேஆஃபில் (பட்டத்துக்கான தொடர்கள்) மயாமியிடம் 4-1 தோல்வி. 30 சதவீதம் என்றால் ஒரு முயற்சிக்கு 0.9 பாயிண்ட், எதிரணி சந்தோஷமாக விட்டுக்கொடுக்கும் ஷாட் அது. சுவரை உடைத்தது வேறு வழி. அவர் பந்தோடு மேலிருந்து வராமல், சக ஆட்டக்காரர் மிடில்டனுக்கு ஸ்க்ரீன் வைத்துவிட்டு (அவரைக் காப்பவரை உடம்பால் மறித்துவிட்டு), கூடைப்பக்கம் உருண்டு, ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தை வாங்கினார். அப்போது இரண்டு டிஃபென்டர்கள் மிடில்டன் பின்னால் இருப்பார்கள். யானிஸின் அணியில் மீதி நான்கு பேருக்கு எதிரே மூன்று டிஃபென்டர்கள்தான். சுவர் கட்ட ஆளும் இல்லை, நேரமும் இல்லை. பக்ஸ் வென்ற 2021 என்பிஏ பட்டத்தில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 2024-25-ல் த்ரீ பாயிண்டரை ஆட்டத்துக்கு ஒன்றுக்கும் கீழே குறைத்துவிட்டு, நடுத்தூரத்திலிருந்து எறியும் மிட்-ரேஞ்ச் ஜம்பரை அதிகம் எடுத்தார். மொத்த ஷூட்டிங் 60 சதவீதம். சரியான முடிவு.

ஃப்ரீ த்ரோவுக்கு இப்படிச் சுற்றுவழி எதுவும் கிடையாது. அவருடைய சிறந்த திறமை பந்தோடு கூடையை நோக்கிப் பாயும் டிரைவ். டிரைவ் முடிகிற இடம் பெரும்பாலும் ஃபவுல். ஃப்ரீ த்ரோவில் 2016-17-ல் 77 சதவீதம் போட்டவர், 2019-20-ல் 63.3, 2024-25-ல் 61.7. கணக்கு போடுங்கள்: இரண்டு ஃப்ரீ த்ரோவுக்கு 77 சதவீதத்தில் 1.54 பாயிண்ட், 61.7-ல் 1.23. கூடையடியில் கிட்டத்தட்ட நிச்சயமான இரண்டு பாயிண்ட் போகும்போது கையைப் பிடித்து இழுத்தால் எதிரணிக்கு முக்கால் பாயிண்ட் மிச்சம். அதனால்தான் கடைசி நிமிடங்களில் கூச்சமில்லாமல் ஃபவுல் செய்கிறார்கள்.

எங்கே கெடுகிறது என்று பார்த்தால், முதலில் தாளம். கோட்டில் அவர் எடுத்துக்கொள்ளும் நேரம் மிக அதிகம். நடுவர் பந்தைக் கொடுத்த பின் 10 விநாடிக்குள் எறிய வேண்டும். 2021 பிளேஆஃபில் எதிரணி ஊர் ரசிகர்கள் உரக்க எண்ணத் தொடங்கியது அதனால்தான். மீறலுக்காக விசிலும் ஊதப்பட்டது. நேரத்தைவிடப் பெரிய சிக்கல், முழங்கால் மடங்கி நிமிர்வதும் பந்து மேலேறுவதும் ஒரே அசைவாக இல்லாமல் போவது. நீண்ட நிறுத்தத்துக்குப் பிறகு கால் கொடுத்த விசை பந்துக்குச் சேருவதற்குள் செத்துவிடும். மீதியைத் தோளும் கையும் தள்ள வேண்டும். தள்ளினால் பந்து தட்டையாகப் போகும்.

தட்டையாகப் போனால் என்ன? வளையத்தின் விட்டம் 45.7 செ.மீ., பந்து சுமார் 24 செ.மீ. 45 டிகிரியில் இறங்கும் பந்துக்கு வளையத்தின் திறப்பு 32 செ.மீ. ஆகத் தெரியும். 35 டிகிரியில் அது 26 செ.மீ. தான், இரு பக்கமும் சேர்த்து இரண்டு செ.மீ. இடைவெளி. சின்னத் தவறுக்கும் இரும்பில் பட்டு வெளியே வரும். முன் வளையத்தில் பட்டால் கால் விசை போதவில்லை, இடம் வலமாகத் தவறினால் முழங்கை விலகியிருக்கிறது என்று பொதுவாகக் கொள்ளலாம்.

2021 என்பிஏ இறுதியின் ஆறாவது ஆட்டத்தில் ஃப்ரீ த்ரோவில் 19-க்கு 17 போட்டு 50 பாயிண்ட் எடுத்தாரே என்று கேட்பார்கள். மாபெரும் ஆட்டம், மறுக்கவே முடியாது. ஆனால் அதற்கு முந்தைய ஆட்டத்தில் 11-க்கு 4. ஒரு ராத்திரியை வைத்து ஷூட்டிங்கை எடை போடக்கூடாது; அதன் பிறகு 2021-22-ல் 72 சதவீதமாக இருந்தது 2024-25-ல் 61.7-க்கு இறங்கிவிட்டது.

ஆக, காலடி, பாஸ், டிஃபென்ஸ், ஸ்க்ரீனிலிருந்து உருளுதல் எல்லாமே முதல் தரம். த்ரீ பாயிண்டர் இல்லாததை ஆட்ட அமைப்பு மறைத்துவிடுகிறது. ஃப்ரீ த்ரோ மட்டும் 75-க்குத் திரும்பினால், கடைசி இரண்டு நிமிடத்தில் அவரை எப்படிக் காப்பது என்று எந்தப் பயிற்சியாளரிடமும் பதில் இருக்காது.