மேலே கொஞ்சம் வேலை இருக்கு

எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். கஜா புயலுக்கு முன்னால் கொல்லையில் 18 தென்னை நின்றது, 2018 நவம்பர் 16 அன்று விடிந்து பார்த்தால் 6. மிச்சமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதற்கப்புறம் மாசக்கணக்கில் எந்தத் தெருவுக்குப் போனாலும் மரம் அறுக்கிற மெஷின் சத்தம்தான். அந்தக் கதையை இப்போது எடுத்தால் இந்தப் பதிவு சோகப் பதிவாகிவிடும், அதனால் தப்பிப் பிழைத்த அந்த 6 மரத்துக்கே வருகிறேன்.

6 மரம் என்பது ரொம்ப இடைஞ்சலான எண்ணிக்கை. அறுபது என்றால் மரம் ஏறுகிறவர் ஆளோடு வருவார், நம்மை முதலாளி என்பார். ஆறுக்கு யார் வருவார்? எங்களுக்கு வழக்கமாக ஏறும் அண்ணன் ஒருவர் உண்டு. 45 நாளைக்கு ஒரு வெட்டு என்பது கணக்கு. அவருக்குப் போன் போட்டால் 'நாளைக்கு வந்துர்றேன் தம்பி' என்பார். சத்தியமாக அன்பாகத்தான் சொல்லுவார், அந்த நாளை மட்டும் வராது. நெற்று தானாக விழ ஆரம்பித்தது. ஒன்று தண்ணீர் டேங்க் மூடியைப் பெயர்த்தது, இன்னொன்று என் வண்டி சீட்டின் நடுவில் குழி பறித்தது. இனி யாரையும் நம்பக்கூடாது, நாமே ஏறிவிடுவது என்று முடிவெடுத்தேன். எனக்கு வயது 41, எடை 84, கடைசியாக ஏறியது பள்ளிக்கூடத்துக் கொய்யா மரம்.

முதலில் ராத்திரி ராத்திரி வீடியோ பார்த்தேன். வெளிநாட்டில் மரம் வெட்டிப் பராமரிப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்பில் ஊஞ்சல் மாதிரி பெல்ட், பின்னாலேயே தொங்குகிற ஒரு குட்டி ரம்பம், ரம்பத்தின் சங்கிலி பட்டால் நாரைக் கக்கி அதைச் சுற்றிக்கொண்டு நிறுத்திவிடுகிற பேன்ட், கீழே போட்ட கிளையை இழுத்துத் தூளாக்குகிற மெஷின் என்று ஒவ்வொருத்தரும் ஒரு நடமாடும் இரும்புக்கடை. கால் கிலோ இருக்கும் ஒரு சின்னப் பையில் மெல்லிய கயிறு கட்டிக் கிளைக்கு மேலே வீசுகிறார்கள், பை அந்தப் பக்கம் இறங்கியதும் அந்தக் கயிற்றோடு பெரிய கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டு அதில் ஏறிப்போய்க்கொண்டே இருக்கிறார்கள். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. மறுநாள் காலை மகனுடைய சாக்ஸில் ஜல்லியைப் போட்டு நைலான் கயிறு கட்டி வீசினேன். அது பக்கத்து வீட்டுச் சின்னம்மாவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இறங்கியது. 'யாருடா அவன்' என்று ஒரு குரல் வந்தது. நான் பதில் சொல்லவில்லை, கயிற்றின் இந்த முனை என் கையில் இருந்ததால் பதில் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது: தென்னைக்கு ஏது கிளை? அத்தனை சாமானும் கிளை இருக்கிற மரத்துக்கு. சரி, பூட்ஸில் முள் மாட்டிக் குத்திக் குத்தி ஏறலாமா என்றால், அந்த ஊர்க்காரர்களே அடியோடு வெட்டப்போகிற மரத்தில்தான் அதைப் போடுகிறார்கள். தென்னைக்கு அது இன்னும் ஆகாது. மா, வேம்பு என்றால் காயத்தைச் சுற்றிப் பட்டை வளர்ந்து மூடும், தென்னைக்கு அப்படி மூடிக்கொள்ளும் சங்கதியே கிடையாது. எங்கள் மேலக்கடைசி மரத்தில் தாத்தா காலத்தில் யாரோ கால் வைக்கக் கொத்திய படிகள் இன்றைக்கும் நேற்றுக் கொத்தியது போலவே இருக்கின்றன. புது ஓட்டை போட்டால் தென்னையைக் குடைந்து தின்கிற சிவப்புக் கூன்வண்டுக்கு நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

கடைசியில் தென்னை ஏறும் மெஷின் வாங்கினேன். கேரளாவில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி கண்டுபிடித்த மாடல். அந்த மனிதருக்குக் கோயில் கட்டலாம், குறை அவர் மேல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெஷின் என்று பேரே தவிர மோட்டாரும் இல்லை, பெட்ரோலும் இல்லை. மோட்டார் நாம்தான். இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று என இரண்டு இரும்புச் சட்டம், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றி மாட்ட ஒரு கம்பி வடம், கால் நுழைக்க ஒரு மிதி, கையில் பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடி. ஒரு காலில் நின்றுகொண்டு மற்றதைத் தூக்கணும், அதில் நின்றுகொண்டு இதைத் தூக்கணும். அவ்வளவுதான். உட்கார்ந்து ஏறுகிற மாடலும் உண்டு, அது வயசானவர்களுக்கு என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. எது இடது எது வலது என்று பார்த்து மாட்டவே அரை மணி நேரம். மிதி சமமாக இருக்கணுமே என்று போனில் மட்டம் பார்க்கிற ஆப்பைப் போட்டு, குமிழி நட்டநடுவில் நிற்கிற வரை வடத்தைச் சரிசெய்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டட வேலைக்காரர்கள் போடுகிற பெல்ட் ஒன்றையும் மாட்டி அதன் கயிற்றை மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். 'ஏங்க, அந்த அண்ணனுக்கே இன்னொரு தடவை போன் பண்ணிப் பாருங்களேன்' என்றாள் மனைவி. நான் ஏறிவிட்டேன்.

முதல் பத்தடி ராஜநடை. மகன் கைதட்டினான். பதினைந்தில் தொடை நடுங்க ஆரம்பித்தது. இருபதடியில் ஒரு விஷயம் கவனித்தேன், நான் மரத்தை விட்டு வெளியே சரிந்துகொண்டிருக்கிறேன். மரம் மேலே போகப் போகச் சிறுத்துவிட்டது, வடம் தளர்ந்துவிட்டது, அப்பழுக்கில்லாமல் மட்டம் பார்த்து மாட்டிய மிதி இப்போது பார்க்கிலுள்ள சறுக்குமரம் மாதிரி சரிந்து நின்றது. சரி, இறங்கிவிடலாம் என்று இடது சட்டத்தைக் கீழே அழுத்தினேன். அசையவில்லை. வலதை அழுத்தினேன். அதுவும் இல்லை. எட்டிப் பார்த்தால் இடது வடம் தாத்தா காலத்துக் கொத்துப் படி ஒன்றில் போய் அழகாக உட்கார்ந்திருக்கிறது. ஆமாம், இருக்கிற 6 மரத்தில் நான் தேர்ந்தெடுத்தது அந்த மரத்தைத்தான்.

மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். கன்னம் பட்டையில் அழுந்தியிருந்தது. மூக்குக்கு இரண்டு விரல்கடை தள்ளி ஒரு கட்டெறும்பு நின்று என்னைப் பார்த்தது, என்ன நினைத்ததோ, சுற்றிக்கொண்டு போய்விட்டது.

கூரைச் சின்னம்மா வேலியோரம் வந்து, 'என்னப்பா அங்கனயே நிக்கிற?' என்று கேட்டார்.

'மேல கொஞ்சம் வேல இருக்கு சின்னம்மா.'

'குலை இன்னும் அம்மாந்தூரத்துல இருக்கே, நடுமரத்துல என்ன வேல?'

அடுத்த கால் மணி நேரத்தில் வேலியோரம் பதினோரு பேர் ஆனார்கள். எண்ணினேன், மேலே வேறு வேலை இல்லை. ஒருவர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிடலாம் என்றார், இன்னொருவர் வைக்கோல் போட்டுக் குதிக்கச் சொல்லலாம் என்றார். சின்னம்மாதான் தெருக்கோடி வீட்டு மருமகளைக் கூட்டிவரச் சொல்லி ஆளனுப்பினார். தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் ஆரம்பித்த 'தென்னை மரங்களின் நண்பர்கள்' திட்டத்தில் ஆறு நாள் பயிற்சி எடுத்த பெண் அது. அந்தப் பெண் நம் தெருவிலேயே இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

வந்து அண்ணாந்து பார்த்தது. சிரிக்கவில்லை, அதை நான் என்றைக்கும் மறக்கமாட்டேன்.

'அண்ணே, எந்தக் காலு சிக்கியிருக்கு?'

'ரெண்டும்மா.'

'ரெண்டும் சிக்காதுண்ணே. கனம் எதுல இருக்கோ அது அசையாது. நீங்க ரெண்டு கால்லயும் அழுத்தி நின்னுக்கிட்டு ரெண்டையும் நகத்தப் பாக்குறீங்க.'

யோசித்துப் பார்த்தால் சரிதான். நான் நிற்கிற பலகையையே நான் உருவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

'வலது கால்ல முழுசா நில்லுங்க. இடது கால லேசா விடுங்க. இப்ப சட்டத்த மேல தூக்குங்க.'

'கீழதானம்மா எறங்கணும்?'

'மொதல்ல மேல தூக்குனாத்தான் கொத்துல இருந்து வரும். அப்புறம் எறக்குங்க. அரையடி போதும்.'

தூக்கினேன். டக்கென்று விட்டது. அப்படியே இடது, வலது, இடது என்று குழந்தைக்கு நடை பழக்குகிற மாதிரி அந்தப் பெண் சொல்லச் சொல்ல இறங்கினேன். இருபதடிக்கு இருபது நிமிஷம். தரையைத் தொட்டதும் கால் தானாக மடங்கி உட்கார்ந்துவிட்டேன், கூட்டம் அதை நன்றி வணக்கம் என்று எடுத்துக்கொண்டு கலைந்தது.

அந்தப் பெண் மெஷினைத் திருப்பிப் பார்த்தது. 'அடியில மாட்டும்போது மிதிய கொஞ்சம் தூக்கலா வைக்கணும்ண்ணே. போகப் போக அதுவே சமமாயிடும்.' போன் ஆப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. மகன் சொல்லிவிட்டான். அப்போதுதான் அது சிரித்தது. மறுபடி மாட்டி, சேலைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மட்டைக்கடியில் இருந்தது. மாலைக்குள் 6 மரமும் முடிந்தது. கூலியோடு பத்து இளநீரும் கொடுத்தனுப்பினோம்.

ராத்திரி முழங்காலின் உள்பக்கச் சிராய்ப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மரம் ஏறுகிற அண்ணன். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

'தம்பி, மெஷின் வாங்கியிருக்கீங்களாமே?'

'ஆமாண்ணே.'

'எனக்கும் இப்பல்லாம் மூட்டு ஒத்துழைக்க மாட்டேங்குது தம்பி. ரெண்டு நாளைக்குக் குடுங்களேன், பழகிப் பாத்துட்டுத் தர்றேன்.'

'எப்பண்ணே தருவீங்க?'

'நாளைக்கு வந்துர்றேன்.'