டிரங்குப் பெட்டிக்குள் இருந்த குழு

தருமபுரி மாவட்டத்தில் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. நான் பென்னாகரம் பகுதியில் களப்பணியாளராகச் சேர்ந்தபோது அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 12 முதல் 20 பெண்கள், குழுவை வழிநடத்தும் ஓர் ஊக்குநர், இரண்டு பிரதிநிதிகள், வங்கிக் கணக்கு, தீர்மானப் புத்தகம் என அமைப்பு ஏட்டளவில் தெளிவாகவே இருந்தது. எங்கள் தொண்டு நிறுவனம் கேட்டதெல்லாம் மாதத்துக்கு எத்தனை புதிய குழுக்கள் என்ற கணக்கைத்தான். ஆகவே நன்றாகப் பேசக்கூடிய, எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்து ஊக்குநராக்கிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவேன்.

அப்படி நான் அமர்த்திய ஒருவர், கட்டட வேலைக்குப் பெங்களூரு சென்ற கணவரோடு திடீரெனப் புறப்பட்டுவிட்டார். கணக்கு நோட்டுகளும் பாஸ் புத்தகமும் அவர் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. இரண்டு மாதம் கூட்டம் நடக்கவில்லை. தாம் எவ்வளவு சேமித்திருக்கிறோம் என்பது 16 பேரில் ஒருவருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. "நீதானே பாப்பா அவளைத் தலைவியாக்கினே?" என்று ஒரு மூதாட்டி கேட்டார், பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பதவியைச் சுழற்சி முறையில் மாற்ற வேண்டும் என்ற விதி எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் கணக்கு எழுதுவதும் வங்கிக்குப் போவதும் ஒருவரிடமே இருக்கும்வரை, பதவியை யாருக்கு மாற்றினாலும் அதிகாரம் மாறுவதில்லை. எனவே பதவியைத் தொடாமல் வேலையைப் பிரித்தோம். பணத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் வேறொருவர் எண்ணினார். தொகையை உரக்கச் சொன்ன பிறகே நோட்டில் எழுதினோம். பெட்டி ஒருவர் வீட்டிலும் சாவி இன்னொருவரிடமும் இருந்தன. வங்கிக்குப் போகும் இருவரில் ஒருவர் அதுவரை அந்தப் படியேறாதவராக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். முதல் சில மாதங்கள் எல்லாமே தாமதமாயின, நிறுவனத்தில் எனக்குத் திட்டும் விழுந்தது.

உறுதிமொழியும் பாட்டும் பெண்களைக் கூட்டத்துக்கு இழுக்கும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். பாடினோம், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர்களை வரவைத்தது, ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் கந்துவட்டிக்காரர் வாசலுக்குப் போகாமல், இரண்டு வட்டிக்கு குழுவின் சேமிப்பிலிருந்து அன்று மாலையே கைக்கு வந்த உள்கடன்தான்.

மறு ஆண்டு பழைய ஊக்குநர் ஊர் திரும்பினார். தம்மைக் கேட்காமல் எல்லாம் மாறிவிட்டதே என்ற கோபத்தோடு சில கூட்டங்கள் ஓரமாக உட்கார்ந்திருந்தவர், ஒருநாள் கடன் கேட்டார். பழைய கடனில் இரண்டு தவணை பாக்கி இருப்பதை, அப்போது சாவி வைத்திருந்த அதே மூதாட்டி நோட்டைத் திறக்காமலேயே சொன்னார்.