கீழே விழுந்த பேனா: நிப்பை நிமிர்த்துவதா, மாற்றுவதா?

மை பேனா கைதவறி விழுந்து நிப்பு தரையில் குத்தினால், எடுத்ததும் தாளில் கிறுக்கிப் பார்க்கத்தான் கை போகும். அதை மட்டும் செய்யாதீர்கள். வளைந்த நிப்பை அழுத்தினால் வளைவு மேலும் மடங்கும். மையைத் துடைத்துவிட்டு, நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ் வழியாக முனையைப் பாருங்கள். நடுப்பிளவின் இருபுறமும் இரண்டு பற்கள். நல்ல நிப்பாக இருந்தால் ஒவ்வொரு பல்லின் நுனியிலும் கடினமான உலோகக் குமிழின் ஒரு பாதி ஒட்டியிருக்கும். இரண்டு பாதியும் அப்படியே இருந்தால் நிப்பைக் காப்பாற்றிவிடலாம். ஒரு பாதி உதிர்ந்திருந்தாலோ, பிளவு முடியும் ஓட்டையிலிருந்து விரிசல் ஓடியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். தங்க நிப்பென்றால் புதுக் குமிழ் வைத்துத் தரும் நிபுணர்கள் இருக்கிறார்கள். எஃகு நிப்புக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது.

சரிசெய்ய முடியும் என்றால் வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வளைவு, அடுத்து பற்களின் மட்டம், பிறகு பிளவின் இடைவெளி, தேய்ப்பது எல்லாவற்றுக்கும் கடைசி. வீணாகும் நிப்புகளில் பல, இந்த வரிசையைத் தலைகீழாக்கி, எடுத்ததுமே உப்புத்தாளில் தேய்க்கப்பட்டவை. மட்டம் சரியில்லாததால் கீறும் நிப்பைத் தேய்த்தால் ஒரு பல்லின் குமிழ் மட்டும் கரையும். பிறகு மட்டம் சரிசெய்தாலும் எழுத்து சரியாக வராது.

நிப்பைக் கழற்றும் முன் அது நாக்கின் (நிப்புக்கு அடியில் இருந்து மையைக் கொண்டுவரும் பகுதி) மேல் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருகிக் கழற்றும் வகை இல்லையென்றால், நிப்பையும் நாக்கையும் சேர்த்து ரப்பர் துண்டால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். வரவில்லை என்றால் காய்ந்த மைதான் காரணம். கழுத்துப் பகுதியைச் சாதாரணத் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவிடுங்கள். ஸ்பிரிட் வேண்டாம், சிலவகை பிளாஸ்டிக்கில் அது விரிசல் விழச்செய்யும். எபோனைட் என்னும் கடின ரப்பரால் ஆன பேனாவை இரவு முழுக்க ஊறப்போட்டால் நிறம் மங்கும்.

நிமிர்த்துவதற்கு வேண்டியது பொறுமைதான், பலம் இல்லை. நிப்பின் உட்குழிவுக்கு ஏற்ற தடிமனில் ஒரு மரக்குச்சியை எடுத்து, அதன் மேல் நிப்பைக் கவிழ்த்து வையுங்கள். ஓட்டைக்குப் பக்கத்தில் உள்ள வளைவில் தொடங்கி நுனியை நோக்கிப் போங்கள். வழவழப்பான உலோகக் கம்பியாலோ ஸ்பூனின் பின்புறத்தாலோ மெல்ல அழுத்தித் தேய்க்க வேண்டும். எஃகு திரும்பி எழும், அதனால் தேவைக்கு ஒரு மயிரிழை கூடுதலாக வளைக்க வேண்டியிருக்கும். தங்கம் அவ்வளவு எழாது. ஒரே இடத்தை மேலும் கீழுமாகத் திரும்பத் திரும்ப வளைத்தால் உலோகம் இறுகி, உடைந்துவிடும். பல்லுள்ள இடுக்கியைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், அதன் தடம் போகவே போகாது.

இனி மட்டம். நிப்பை நாக்கோடு பேனாவில் மாட்டி, நுனியை நேருக்கு நேர் லென்ஸில் பாருங்கள். ஒரு பல் தாழ்ந்திருந்தால் நகத்தால் அதை மேலே தூக்கிச் சில நொடி பிடித்துவிட்டு மறுபடி பாருங்கள். எழுதும்போது ஒரு பக்க இழுப்பில் மட்டும் கீறினால் அது மட்டத்தின் கோளாறு. இதைச் சோதிக்க நம் எழுத்தைவிட நல்ல கருவி கிடையாது. ழ, ஞ, இ, ணை என்று எழுதினால் நிப்பு எல்லாத் திசையிலும் சுழன்று வந்துவிடும்.

பிளவு ஓட்டையருகே சற்று அகலமாகவும், நுனிக்குப் போகப்போகக் குறுகியும் இருக்க வேண்டும். அந்தக் குறுகல்தான் மையை நுனிவரை இழுத்துவருகிறது. நுனியில் விரிந்துவிட்டால் மை பாதி வழியிலேயே நின்றுவிடும், பேனா விட்டுவிட்டு எழுதும். அப்போது ஒரு பல்லை மற்றதன் அடியில் லேசாக நுழைத்து எடுத்து, பிறகு மாற்றிச் செய்தால் நெருங்கிவரும். மாறாக, மை போதாமல் வறண்டு எழுதினால் 0.05 மி.மீ. பித்தளைத் தகட்டை ஓட்டையிலிருந்து நுனிப்பக்கம் சில தடவை இழுங்கள். பிளேடு வேண்டாம். அது 0.1 மி.மீ. தடிமன், போதாததற்கு அதன் விளிம்பு பிளவின் உட்சுவரைச் சுரண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கரகரத்தால்தான் தேய்ப்பு. 12000 எண் மைக்ரோமெஷ் என்னும் மிக நுண்ணிய மெருகுத் தாளில், நிப்பில் மை இருக்கும்போதே, பேனாவின் எடைக்கு மேல் அழுத்தாமல் 8 போட வேண்டும். நாலைந்து தடவைக்கு ஒருமுறை லென்ஸில் பாருங்கள். அளவுமீறினால் பிளவின் உள்விளிம்புகள் உருண்டு, மை தாளைத் தொடாமல் நின்றுவிடும். ஒவ்வொரு சொல்லின் முதல் கோடும் விழாது. குமிழே இல்லாத மலிவு நிப்புகளில் நுனி வெறும் எஃகுதான், அவற்றைத் தேய்க்காமல் விடுவதே நல்லது.

மாற்றுவதென்றால் பெட்டியில் போட்ட எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 5, 6 என்ற அளவுகள் எல்லாத் தயாரிப்பாளருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. நிப்பின் நீளம், அடிப்பகுதி அகலம், நாக்கின் விட்டம் மூன்றையும் வெர்னியரில் அளந்துகொள்ளுங்கள். யோவோ, பாக் இரண்டும் ஜெர்மன் நிப்புகள்தான், இரண்டிலும் 6ஆம் எண் உண்டு, ஆனால் நிப்பும் நாக்கும் சேர்ந்து திருகி ஏறும் தொகுதியின் மரை வேறு, ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. நிப்புக்குப் பேர்போன நம் சாத்தூர்ச் சரக்கோ, வேறெந்த ஊர் நிப்போ, பழைய பேனாவையே கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது உத்தமம். லாமி சஃபாரியில் இந்தத் தலைவலி இல்லை. நிப்பின் மேல் செலோடேப்பை ஒட்டி நேராக இழுத்தால் வந்துவிடும், புதியதைத் தள்ளினால் ஏறிவிடும். ஹீரோ 616 போல நிப்பு மூடிய பேனாக்களைப் பழக்கமில்லாதவர்கள் பிரிக்க வேண்டாம்.

நிப்பு உள்ளே போய்விட்டது என்பதோடு வேலை முடியாது. பக்கவாட்டில் வெளிச்சத்தில் பிடித்தால் நிப்புக்கும் நாக்குக்கும் நடுவே ஒளி தெரியக் கூடாது. தெரிந்தால் அங்கே காற்று நுழைந்து மை அறுந்துபோகும். எபோனைட் நாக்கு என்றால் கொதித்து இறக்கிய தண்ணீரில் நிப்புப் பகுதியை மட்டும் 20, 30 நொடி அமிழ்த்தி எடுத்து, துணியால் பிடித்து, நிப்பையும் நாக்கையும் விரல்களுக்கு நடுவே ஆறும்வரை அழுத்திப் பிடியுங்கள். சூட்டில் இளகிய நாக்கு நிப்பின் வளைவுக்குப் படிந்துவிடும். பிளாஸ்டிக் நாக்குக்கு இவ்வளவு சூடு ஆகாது, கோணிக்கொள்ளும். அழுத்தும்போது நாக்கு பற்களை மேலே நெம்பிவிடாமல் கவனியுங்கள். நெம்பினால் நுனியில் பிளவு விரியும், மறுபடி இடைவெளி வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆறியதும் மை நிரப்பி, முனையைக் கீழே பார்க்க வைத்து ஐந்து நிமிடம் விட்டுவிட்டு எழுதிப் பாருங்கள். காய்ந்திருந்த நாக்கில் மை ஊறுவதற்கு அந்த நேரம் வேண்டும்.