பெயரில்லாத இரண்டு பிராங்க்

மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்த சின்ன நோட்டுகள் 2, 5, 10 பிராங்க் மூன்றும் ஒருவழியாகச் சேர்ந்துவிட்டன. இரண்டாம் உலகப்போரின்போது, 1944-இல் பிரான்ஸுக்கென்று அமெரிக்காவில் அடித்து, பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் இறங்கிய நேச நாட்டுப் படையோடு அனுப்பிய பணம் இது.

நேற்று ராத்திரி 2 பிராங்கை லென்ஸுக்கு அடியில் வைத்தேன். டாலர் நோட்டில் சரிபாதி அளவு, கிட்டத்தட்ட சதுரம். பின்பக்கம் மூவர்ணக் கொடி. டாலரை விரலால் தடவினால் மை மேடு தட்டுப்படும். இதில் வழவழவென்று ஓடுகிறது. அமெரிக்க அரசு அச்சகம் இந்த வேலையை பாஸ்டன் பக்கத்து ஃபோர்ப்ஸ் லித்தோகிராஃப் நிறுவனத்திடம் கொடுத்து, மை மேடு விழாத ஆஃப்செட் முறையில் அடித்தது, அதனால்தான்.

முன்பக்கத்தில் பிரெஞ்சு மொழியில் ‘பிரான்ஸில் வெளியிடப்பட்டது’ என்றும், ‘1944 வரிசை’ என்றும் இருக்கிறது. வெளியிட்டது யார்? ஓரத்து இலைக்கொடி வேலைப்பாடு வரைக்கும் தேடிவிட்டேன். கையெழுத்து இல்லை. வங்கியின் பெயர் இல்லை. ‘பிரெஞ்சுக் குடியரசு’ என்ற வார்த்தைகூட இல்லை.

ஜூன் 4 அன்று, படை இறங்க இரண்டே நாள் இருக்கும்போது, சுதந்திர பிரான்ஸ் இயக்கத்தின் தலைவர் டி கோல், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலிடம் இதைக் கள்ளப்பணம் என்றே சொல்லிவிட்டார். நாணயம் அடிக்கும் உரிமை நாட்டின் அரசுக்குத்தானே? புத்தகத்தில் படித்தபோது வறட்டுப் பிடிவாதமாகத் தெரிந்தது. நோட்டைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு, அவர் கோபம் முழுக்க நியாயம் என்றே படுகிறது. நார்மண்டி ஜனங்களும் விவரமானவர்கள்: பிரான்ஸ் வங்கியின் பழைய நோட்டைப் பத்திரப்படுத்திக்கொண்டு, வரி கட்ட இதை நீட்டினார்கள்.

ஒரு வருத்தம். 5 பிராங்க் வந்த பிளாஸ்டிக் உறை பிவிசி. பிசுபிசுப்பு ஏறி, வலது மூலையில் எண்ணெய்ப் பளபளப்பு விழுந்திருக்கிறது. தண்ணீர், ரப்பர் எதையும் கிட்டே கொண்டுபோகவில்லை. அது நோட்டையே கெடுத்துவிடும். மூன்றையும் பிசுபிசுப்பு ஏறாத மைலார் பிளாஸ்டிக் உறைக்கு மாற்றிவிட்டேன். வாங்குகிற அன்றைக்கே உறையை மாற்றிவிடுங்கள்.

அடுத்தது 100 பிராங்க். அதில் இரண்டு வகை உண்டு: பின்பக்கம் கொடி போட்டது ஒன்று, கொடியை எடுத்துவிட்டு ‘பிரான்ஸ்’ என்று மட்டும் அடித்தது இன்னொன்று. ஆல்பத்தில் எதிரெதிர்ப் பக்கத்தில் வைக்க இரண்டு இடம் காலியாக விட்டிருக்கிறேன்.